ஹுவே அரண்மனையில் நவக்கிரகம்

1

நான் தஞ்சாவூரிலிருந்து கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து போன ஆனி மாதத்தோடு முப்பது வருடம் முடிந்தது. அதைக் கொண்டாட என் கணவர் மணியம் எனக்கு ஒரு புது ரைஸ் குக்கர் வாங்கித் தந்தார். பழையது நன்றாகத்தான் இருக்கிறது. அதே மாதம்தான் வியட்நாமும் போய்வந்தோம். அங்கே என்ன நடந்தது என்று ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொள்கிறீர்களாம். கேள்விப்பட்டேன். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விளக்கம் சொல்லி எனக்கு மாளாது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், படித்துவிட்டுப் பேசுங்கள்.

முதலில் கலர் விஷயம். இங்கே மலேசியாவில் குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை. நிரந்தரமாகத் தங்கிக்கொள்ளலாம், ஆனால் குடிமகள் இல்லை என்கிற என் போன்றவர்களுக்குச் சிவப்பு. வீட்டில் கணவருக்கு நீலம், மகளுக்கு நீலம், எனக்குச் சிவப்பு. பாஸ்போர்ட் இன்னும் நம் ஊர்ச் சிங்கம் போட்டதுதான்.

குடியுரிமைக்கு இரண்டு தடவை மனு போட்டேன். நேர்காணலில், ஏன் இந்த நாட்டுக் குடிமகளாக விரும்புகிறீர்கள் என்று மலாயில் கேட்டார்கள். என் மலாய் முழுக்கப் பாசாரில் கற்றது. மீனைச் செதில் எடுத்துத் துண்டு போடச் சொல்லத் தெரியும், நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்றால் சண்டை போடத் தெரியும். நாட்டுப்பற்றை அதில் எப்படிச் சொல்வது? 'நல்ல இடம், இப்போது விலைதான் கொஞ்சம் கூடிவிட்டது' என்கிற மாதிரி எதையோ சொல்லிவைத்தேன். அந்த அதிகாரி நல்ல மனுஷர். சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பதில் வரும் என்றார்கள். வரும்.

எங்கள் கோயில் வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவில் இருபத்திரண்டு பேர் வியட்நாம் போவதாக ஏற்பாடு. டானாங் நகரில் தங்கி, ஒரு நாள் பஸ்ஸில் ஹுவேக்குப் போய், அங்கே அந்நாட்டுப் பழைய ராஜாக்களின் அரண்மனையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. குழுத் தலைவி ருக்குமணி அக்கா. தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பார்கள். பள்ளிக்கூடம்தான் அவரிடமிருந்து ஓய்வு பெற்றது என்று என் கணவர் சொல்வார், அவர் காதில் விழாத தூரத்தில்.

மலேசிய பாஸ்போர்ட்டுக்கு வியட்நாமில் விசா வேண்டாம். எனக்கு வேண்டும். டானாங் விமான நிலையத்தில் மற்றவர்கள் எல்லாரும் கடகடவென்று அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். என் கவுன்டர்காரர் மட்டும் பாஸ்போர்ட்டை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் புரட்டினார்.

"என்னா புஷ்பா, ஒங்க ஊரு பாஸ்போட்ட அவன் கதப் பொஸ்தகம் மாரி படிக்கிறான்!" என்று அந்தப் பக்கத்திலிருந்து ருக்குமணி அக்கா கத்தினார். இருபது பேர் சிரித்தார்கள். எனக்குப் பழக்கம்தான். ஆனால் அவர்கள் நடுவில் நின்றிருந்த என் மகள் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

அவள் கதையைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

தேன்மொழி கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை மாலையில் கொம்யூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான் வருவாள். பிறந்ததிலிருந்து அவளோடு தமிழில்தான் பேசுகிறேன். அவள் ஆரம்பத்தில் தமிழில் பதில் சொன்னாள், பிறகு பாதித் தமிழ், இப்போது பெரும்பாலும் 'அம்மா'வும் 'லா'வும் மட்டும் தமிழ். லா தமிழே இல்லை என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை தோசைக்கு நடுவில், தன் கூட வேலை பார்க்கும் மின் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். வியட்நாம்காரன். ஊர் ஹுவே. அப்பா இல்லை, அம்மா மட்டும். ஒரே பிள்ளை.

எனக்குப் பிடிக்கவில்லை. காரணங்களை எல்லாம் பிறகுதான் யோசித்துக் கண்டுபிடித்தேன். மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. 'சாம்பார் ஃபிரிட்ஜில்' என்று வாட்ஸ்அப் மட்டும் அனுப்பினேன். அதற்கு அவள் கட்டைவிரல் காட்டுவாள்.

என் கணவர் இந்த மண்ணில் பிறந்தவர், எதற்கும் பதற மாட்டார். "மொதல்ல அந்தம்மாவப் பாத்துட்டு வந்து சண்ட போடு லா. எப்படியும் அங்கதான போறோம்" என்றார். மகள் அந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பஜனைக் குழுவோடு அவளும் வருவாள். மின் லீவு போட்டு ஊருக்குப் போய், அம்மாவை அரண்மனைக்கு அழைத்து வருவான். இருபது பேர் நடுவில் அம்மா வாயைத் திறக்க மாட்டாள் என்பது அவள் போட்ட கணக்கு. குழுவில் யாருக்கும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது பார்த்தால் எல்லாப் பெண்களும் பட்டுச் சேலை.

இன்னொரு விஷயம். எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், அண்ணன் எப்படியும் எல்லாரிடமும் சொல்லியிருப்பார். அந்தம்மா வீட்டு வாசலில் காலை வேளையில் நூடுல்ஸ் சூப் விற்கிறார். மாட்டிறைச்சி சூப். அந்த ஊருக்கே அதுதான் பேர். இதை என் கணவர் விமானத்தில், பெல்ட் போட்ட பிறகு சொன்னார்.

டானாங்கில் இறங்கியதும் தஞ்சாவூருக்குப் போன் போட்டு அண்ணனிடம் நானே சொன்னேன், மறைத்துப் பழக்கமில்லை. அவர் ஒரு வார்த்தை கேட்டார்: "என்ன சூப்பு?" பதிலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அதன் பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் அண்ணிதான் எடுத்தார்.

3

டானாங்கிலிருந்து ஹுவேக்கு மலையைக் குடைந்த பாதை வழியாக இரண்டு மூன்று மணி நேரம். ருக்குமணி அக்கா ஹோட்டல் காலைச் சாப்பாட்டை நம்பவில்லை. ரைஸ் குக்கர், ஊறுகாய், மிளகாய்ப் பொடி எல்லாம் கிள்ளானிலிருந்தே வந்திருந்தன. "எல்லாரும் பசியாறியாச்சா?" என்று பஸ்ஸுக்குள் கேட்டுக்கொண்டே புளிச்சோற்றுப் பொட்டலம் கொடுத்தார். இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுதல் என்று பெயர். வந்த புதிதில் மாமியார் வீட்டில் என்னை அப்படிக் கேட்டபோது, இவ்வளவு அழகாகக் கேட்கிறார்களே என்று கண் கலங்கிவிட்டது. பிறகு இட்லி கல் மாதிரி இருந்தது.

வழிகாட்டிப் பெண் மைக்கைப் பிடித்து ராஜாக்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் எங்கள் ஊர் அரண்மனையை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அதன் கோபுரம் தெரியும். துணி காயப்போடும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். உள்ளே போனது வெளியூர் விருந்தாளிகள் வந்தால்தான், அதுவும் அவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல். உள்ளூர்க்காரிக்கு அரண்மனை எதற்கு?

ஹுவே அரண்மனை பெரிது. அகழி, கோட்டை, வாசலுக்குள் வாசல், சிவப்புத் தூண், மஞ்சள் ஓடு. ஆனால் உள்ளே ராஜா குடியிருந்த பகுதியில் பெரும்பாலும் புல்தான். போர்களில் போய்விட்டது என்றாள் வழிகாட்டி. சில கட்டடங்களைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் பிளந்தது. பட்டுச் சேலைகள் ஒவ்வொன்றாக நிழலில் ஒதுங்கின.

"எத்தன மணிக்கு வராங்க?" என்று என் கணவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"யாரு?" என்று மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

4

அரண்மனைக்குள்ளேயே ராஜாக்களின் முன்னோர் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் முற்றத்தில் ஆள் உயரத்துக்கு வெண்கலக் கொப்பரைகள், மூன்று கால் வைத்தவை, வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு ராஜாவுக்கு என்றாள் வழிகாட்டி.

"மொத்தம் எத்தன?" என்றார் ருக்குமணி அக்கா.

"ஒன்பது."

குழு அப்படியே நின்றுவிட்டது.

"நடுவுல உள்ளது மட்டும் ஏன் கொஞ்சம் முன்னுக்கு நிக்குது?" என்று கேட்டார் அக்கா. அது முதல் ராஜாவுக்கு என்று வழிகாட்டி சொல்லி முடிப்பதற்குள், "சூரியன்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். இருபது ஜோடிச் செருப்பு கழன்றது.

"நவக்கிரகம்னா ஒண்ணு ஒண்ணும் ஒரு பக்கம் பாக்கணுமே. இதெல்லாம் நேரா பாக்குது?" என்றார் என் கணவர்.

"வியட்நாம்ல அப்படித்தான் லா. நீங்க நடங்க."

தேன்மொழி ஓடிவந்தாள். "அம்மா, ப்ளீஸ்! திஸ் இஸ் நாட் நவக்கிரகம்! எல்லாரும் பாக்குறாங்க!"

"தெரியும்டி" என்று சொல்லிவிட்டு நானும் செருப்பைக் கழற்றினேன். எனக்கு உண்மையிலேயே தெரியும். ஆனால் ஒன்பது சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை யாரையும் சந்திக்க வேண்டாம் அல்லவா? பயமாக இருந்தது எனக்கு. யார் யாரையோ சுற்றிவந்த கால், இந்த ராஜாக்களையும் சுற்றட்டும்.

கல்தரை தோசைக்கல் மாதிரி சுட்டது. நாங்கள் குதித்துக் குதித்துச் சுற்றினோம். காவலாளி விசிலை வாயில் வைத்துக்கொண்டு, எந்த விதியை மீறுகிறோம் என்று தெரியாமல் ஊதாமலே நின்றார். கொப்பரையை யாரும் தொடவில்லை, சத்தமும் இல்லை, வெறுமனே சுற்றுகிறோம். கொரியா நாட்டுப் பயணிகள் சிலர், இது டிக்கெட்டில் சேர்ந்தது என்று நினைத்தோ என்னவோ, பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

நடுவில் தகராறு. "இது எட்டாவது" என்றார் ஒருவர். "ஆறு" என்றார் என் கணவர். "கணக்கு தப்பினா மொதல்லருந்து சுத்தணும்" என்றார் அக்கா. "அலாமா! காலு வெந்துபோச்சு அக்கா!" என்று ஒரு குரல். எல்லாரும் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது, வேப்பமரம் மாதிரி இருந்த ஒரு மரத்தின் நிழலிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். மெலிந்த உடம்பு, ஊதா நிறத்தில் நீண்ட அங்கி, முழங்கையில் மாட்டியபடி துணியில் முடிந்த ஒரு டப்பா. அவர் எங்களைப் பார்த்து, ஒரு கையின் ஐந்து விரலையும் மறு கையின் இரண்டு விரலையும் உயர்த்திக் காட்டினார்.

ஏழு. ஆரம்பத்திலிருந்தே பார்த்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

பின்னால் நின்ற பையனிடம் டப்பாவைக் கொடுத்தார். செருப்பைக் கழற்றி எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். எனக்குப் பின்னால் வந்து நடக்க ஆரம்பித்தார். என்ன ஏது என்று ஒரு கேள்வி இல்லை. மிச்சம் இரண்டு சுற்றும் எங்களோடு சுற்றினார். தேன்மொழி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள், பக்கத்தில் அந்தப் பையன், மின்.

அவர்தான் அவன் அம்மா. பெயர் ஹோவா.

5

நீளமான சிவப்புத் தாழ்வாரம் ஒன்றில் உட்கார்ந்தோம். குழு நாகரிகமாகத் தள்ளிப் போய், எல்லாம் காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்தது.

ஹோவா அந்த ஊர் பாஷை மட்டும் பேசினார். அதை மின் ஆங்கிலத்தில் சொல்ல, தேன்மொழி எனக்குத் தமிழில் சொல்வதாக ஏற்பாடு. ஹோவா நிறுத்தி நிதானமாக நிறையப் பேசுவார். மின் இரண்டு வாக்கியம் சொல்வான். என் மகள், "ஓகேன்னு சொல்றாங்க" என்பாள்.

டப்பாவில் அரிசி மாவில் செய்து இலையில் மடித்த பலகாரம் இருந்தது. சைவம் என்று மின் இரண்டு தடவை சொன்னான். இன்றைக்குக் கடை மூடியாச்சு, வழக்கமாக அப்பா திதிக்குத்தான் அம்மா கடையை மூடுவார், வேறு எதற்கும் மூட மாட்டார் என்றும் சொன்னான். இந்த அரண்மனைக்குள் அவர் வருவதே பள்ளிக்கூடப் பிள்ளையாக வந்ததற்குப் பிறகு இதுதான் முதல் தடவையாம். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு ஹோவா நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். மின் தயங்கினான். தேன்மொழி அதைவிடத் தயங்கினாள்.

"என்னடி கேக்குறாங்க?"

"அம்மா... நீங்களும் ஊரு விட்டு ஊரு கல்யாணம் கட்டி வந்தீங்கதானே. மின் அங்கயே இருந்துட்டா, அவங்களுக்கு ஏதாச்சும்னா, வர வேண்டிய டைம்ல வந்துருவானான்னு கேக்குறாங்க. உங்களால போக முடிஞ்சுச்சான்னு."

'அதெல்லாம் வந்துவிடுவான்' என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். தள்ளி உட்கார்ந்திருந்த குழுவே தலையாட்டத் தயாராக இருந்தது. மூன்று வாரமாக நான் கண்டுபிடித்து வைத்திருந்த காரணங்களுக்கெல்லாம் அடியில் இருந்த காரணம் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. என் மகளும் ஒரு நாள் எங்கோ வேறு வரிசையில் தனியாக நிற்பாளே என்பதுதான்.

"முடியலன்னு சொல்லு" என்றேன். "எங்கம்மா போனப்ப என் பாஸ்போர்ட்டு விசா புதுப்பிக்கப் போயிருந்துச்சு. யாரு மேலயும் தப்பு இல்ல. கைக்கு வந்து நான் போய்ச் சேந்தப்ப மூணாம் நாளு. பால் ஊத்தி முடிச்சிருந்தாங்க. முகத்தக் கூடப் பாக்கலன்னு சொல்லு."

"அம்மா, ஏன் இதெல்லாம் சொல்றீங்க? அவங்க பயந்துருவாங்க."

"கேட்டாங்கல்ல? சொல்லுடி."

தேன்மொழி மின்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். இந்தத் தடவை எதையும் சுருக்கவில்லை. நான் சொன்னதற்கு மேலேயே சொன்னாள். அப்போது அவளுக்கு நாலு வயது. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறாள். எனக்கு இத்தனை வருடம் தெரியாது. மின்னும் எதையும் விடாமல் தன் அம்மாவிடம் சொன்னான்.

ஹோவா டப்பாவை மூடித் துணியைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார். போச்சு, காரியம் கெட்டது என்று நினைத்தேன். என் கணவரும் அப்படித்தான் நினைத்தார், தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினார்.

ஹோவா என் முழங்காலில் கை வைத்து ஒன்று கேட்டார்.

"உங்கம்மா செத்துப்போன நாள் எப்போன்னு கேக்குறாங்க. காலண்டர் தேதி வேணாமாம். நிலா கணக்குல" என்றாள் தேன்மொழி.

"கார்த்திகை, வளர்பிறை தசமி."

வளர்பிறையில் பத்தாம் நாள் என்று மகளுக்கு விரல் விட்டு விளக்க வேண்டியிருந்தது. கார்த்திகை எப்போது வரும் என்று ருக்குமணி அக்கா தூரத்திலிருந்தே சொன்னார், கேட்காதது போல் இருக்க அவரால் அதற்கு மேல் முடியவில்லை. ஹோவா விரல் கணுக்களில் கட்டைவிரலை வைத்து எண்ணினார், அப்படியே நம் ஊர் புரோகிதர் எண்ணுவது போல. பத்தாம் மாதம், பத்தாம் நாள். தனக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு தன் கணவருடையதைச் சொன்னார். ஆறாம் மாதம், பௌர்ணமி.

"அது பெரும்பாலும் ஆடியில வரும்" என்றேன். "பௌர்ணமின்னா எனக்கு மறக்காதுன்னு சொல்லு."

ஜாதகம் கேட்பார்களோ என்று பயந்து போன இடத்தில் திதி மாற்றிக்கொண்டு வந்தோம். கல்யாணம் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும் பஸ்ஸில் ருக்குமணி அக்கா மைக்கைப் பிடுங்கி, "ஒன்பது சுத்து வீண் போகல" என்று அறிவித்தார்.

6

ஆடிப் பௌர்ணமி எப்போது என்பதை எங்கள் அடுப்படிக் காலண்டரிலேயே பார்த்தேன். இங்கே எல்லார் வீட்டிலும் தொங்கும் காலண்டர்தான். ஒவ்வொரு கட்டத்திலும் சீனர்களின் நிலாக் கணக்கும் பொடி எழுத்தில் இருக்கும், ஹோவா சொன்னதும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். முப்பது வருடமாக அதன் மேல் பால்காரன் வராத நாளைத்தான் குறித்திருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியைக் கூப்பிட்டு, சரியான நாள்தானா என்று பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன்.

மின்னுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்தான். சாம்பார், வாழைக்காய், பாயசம் வைத்து, அவன் அப்பா போட்டோ முன்னால் இலை போட்டேன். அவன் மூன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டான். பிறகு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். பாத்திரமும் கழுவினான். அவனைப் பற்றி இதற்கு மேல் என்ன எழுதுவது? நல்ல பிள்ளை.

கார்த்திகையில் அம்மா திதியன்று, வழக்கம்போலக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணி எடுத்து, "அவங்க திதி குடுக்க ஒக்காந்திருக்காங்க" என்றார். சரி என்று வைத்தேன். வைத்த கையோடு தேன்மொழியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஹோவா அனுப்பியது.

சூப்புக் கடை வாசல். பலகை சாத்தியிருந்தது. வேலை நாள், காலை நேரம், வியாபாரம் கொழிக்கிற பொழுது. சாத்திய பலகைக்கு முன்னால் சின்ன மேசை, அதன் மேல் வாழை இலையில் சோறு, வேகவைத்த காய்கறி, வாழைப்பழம், மூன்று ஊதுபத்தி. நடுவில் என் அம்மாவின் போட்டோ. என் மகள் எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பதைப் போனில் எடுத்து அனுப்பியிருக்கிறாள், என்னிடம் சொல்லாமல். தஞ்சாவூரைத் தவிர வேறு ஊரை அறியாத என் அம்மா, ஹுவேயில் ஒரு மூடிய கடை வாசலில் உட்கார்ந்து புகைக்கு நடுவில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை பக்கத்தில் என் கணவர் இருந்தார், புது ரைஸ் குக்கரை எதற்கோ துடைத்துக்கொண்டு.

அழுது முடித்ததும் அந்தப் போட்டோவை அண்ணனுக்கு அனுப்பினேன். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. யார் கடை, எதற்காக மூடியிருக்கிறது என்பது அவருக்கே தெரியும். சாயங்காலம் வரை பதில் இல்லை. விளக்கேற்றும் நேரத்தில் போன் கூவியது. ஐந்து மாதம் கழித்து அண்ணனிடமிருந்து வந்த முதல் செய்தி.

'எலைய திருப்பிப் போட்டுருக்காங்க. நுனி எடது பக்கம் வரணும். அடுத்த வருஷம் சரியாப் போடச் சொல்லு.'